ஆறு கிழமை

முழங்காலுக்குக் கீழே, உள்பக்கத்தில்,
ஒரு மயிரிழை.
எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
டிக்கோயா ஆஸ்பத்திரி டொக்டர்
பேனை முனையால் காட்டினார்.
ஆறு கிழமை ஓடக்கூடாது.
மலை ஏறக்கூடாது, இறங்கவும் கூடாது.

டொக்டர், நான் இருப்பது நோர்வூட்டில்.
கடைக்குப் போய் உப்பு வாங்குவதற்கும்
இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும்.

இது மூன்றாவது.
போன வருடம் குதிகால், அதற்கு முன் இடுப்பு.
கடன்காரன் போல
ஒவ்வொரு முறையும் வேறு கதவால் வருகிறது.

குசினிச் சுவரில் மரதனுக்கான அட்டவணை,
பதினெட்டு கட்டம்.
பதினொன்று வரை சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தேன்.
பன்னிரண்டாவதில் ஷெரின்
ஒரு வள்ளம் வரைந்து வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கு இரண்டு எசமான்கள்.
நாலரைக்கு நான் கதவைச் சாத்திக்கொண்டு இறங்குவேன்,
அட்டை ஏறாதிருக்கக் காலுறையில் சவர்க்காரம் தேய்த்து.
பனியில் தேயிலை தெரியாது, வாசனை மட்டும்.
காசல்ரீயைச் சுற்றும் ரோட்டில்
இருபதாவது கிலோமீற்றருக்கு வரும்போது
அவர்கள் நீரின் நடுவில் இருப்பார்கள்:
துடுப்போடு அமலதாசன், முன்னும் பின்னும் பிள்ளைகள்,
பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்தபடி நாத்தனார் ரெஜினா.
கை காட்டுவார்கள்.
நானும் காட்டுவேன்,
மணிக்கூட்டை நிறுத்திய பிறகு.

வள்ளம் என்று சொல்வது மரியாதைக்கு.
யாரோ கழித்துப் போட்ட ஃபைபர் ஓடு,
ஏழு இடத்தில் ஒட்டு.
அதை வாங்கிய காசில்
என் புதுச் சப்பாத்துக் காசும் போனது.
அந்தப் பேச்சை நாங்கள்
இன்னும் பேசி முடிக்கவில்லை.

முதல் ஞாயிறு வரமாட்டேன் என்றேன்.
வீட்டிலிருந்து பலாக்கொட்டை உரித்தேன்,
மூன்று நாளைக்குக் காணும் அளவுக்கு.

இரண்டாம் ஞாயிறு என்னை மூட்டை போல நடுவில் இறக்கி
கையில் ஒரு பால்மா டின்னைத் தந்தார்கள்.
ஒட்டு ஏழில் இரண்டு கசியும்.
அள்ளினேன். ஊற்றினேன். அள்ளினேன்.
"அம்மா, எண்ணாதீங்க," என்றான் டிலக்சன்.
எண்ணவில்லையே.
"ஒதடு அசையுது."

துடுப்பை நிறுத்தினாலும்
வள்ளம் கொஞ்சத் தூரம் தானாகப் போகிறது.
எனக்கு அது புதுசு.
ரோட்டில் கால் நின்றால் நின்றதுதான்.

கீழிருந்து என் ரோட்டைப் பார்த்தேன்.
மலையில் ஒரு நகக்கீறல்.
அதில் ஒரு பஸ், கடுகு அளவில்.

"நீங்க அந்த யூக்கலிப்டஸ் காட்டுக்குப் பின்னால போனதும்
அப்பா துடுப்ப நிப்பாட்டிருவாரு," என்றாள் ஷெரின்,
தண்ணீரில் விரலை இழுத்தபடி.
"மறுபக்கம் வாற வரைக்கும்
யாரும் பேசமாட்டோம்.
ஒருக்கா நீங்க வரவே இல்ல.
அப்பா எழும்பி நின்னுட்டாரு,
வள்ளம் கவுறப் பாத்துச்சு."

எப்போது?

"வெசாக் முடிஞ்சு அடுத்த ஞாயிறு."

அன்றைக்கு அந்தக் காட்டு வளைவில்
மைல்கல்லில் உட்கார்ந்து
இரண்டு கையாலும் காலை அழுத்திக்கொண்டிருந்தேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள் என்று.

அமலதாசன் என்னைப் பார்க்கவில்லை.
துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதைப்
பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் டின்னை எடுத்தேன்.
அள்ளுவதற்கு அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை.

நாலாம் கிழமை எனக்கும் ஒரு துடுப்பு.
நான் இழுத்த வேகத்தில்
வள்ளம் இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது.
"மெதுவா," என்றான், "இங்க மெடல் கிடையாது."
ரெஜினா சிரித்த சிரிப்பில் டின் நீருக்குள் போயிற்று.
மூழ்குமுன் ஒருமுறை மினுங்கியது.

பிறகு கரை வரைக்கும்
என் பழைய சப்பாத்தால் தண்ணீர் அள்ளினோம்.
வலைத்துணி.
அள்ளியதில் பாதி
திரும்ப உள்ளுக்கே ஒழுகியது.

ஏழாம் கிழமை ஞாயிறு யாருக்கென்று
இன்னும் தீர்மானமாகவில்லை.
சப்பாத்து அடுப்படியில் காய்கிறது.
அதில் நீர்ப்பாசி வாசம்.