பதினெட்டாம் இடம்

ஆகஸ்ட்டில் முதல் ஆட்டம்.
மூன்று கோல் வாங்கினோம்.
வாங்கினோம் என்றுதான் வருகிறது வாயில்.
நான் யீஷூனில் பேருந்து ஓட்டுகிறவள்.
அந்த ஊர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம் என்று
போன வருடம்தான் வரைபடத்தில் தேடினேன்.

சட்டை ஜொகூரில் எடுத்தது. பதினைந்து ரிங்கிட்.
கேட்ட சிவப்பு அளவில் இல்லை,
செங்கல் நிறமும் வெள்ளையுமாய்க் கோடு போட்டது இருந்தது.
யாருடையது என்று கடைக்காரனுக்கும் தெரியவில்லை.
முதல் துவையலில் சாயம் போகவில்லை.
நானும் போகவில்லை,
பதினோரு வருடமாய்.

"ஜெயிக்கிற டீமாய்ப் பிடித்திருக்கலாமே" என்பான் செங் ஹுவாட்.
அவன் கவலை இரண்டாமிடம் வந்துவிடுமோ என்பது.
நாங்கள் பட்டியலைக் கீழிருந்து படிக்கிறவர்கள்.
பதினேழு வரை மூச்சு இருக்கும்.
பதினெட்டில் இருக்காது.

அக்டோபர் கடைசியில்
அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறார்கள்.
இங்கே அதே வெயில், அதே நான்கு மணி மழை,
என் தூக்கத்தில் மட்டும் ஒரு மணி நேரம் காணோம்.
வாரநடு ஆட்டம் விடியற்காலை மூன்றே முக்காலுக்கு.
முதல் பாதி சோபாவில், சத்தத்தை அணைத்துவிட்டு.
இடைவேளையில் சீருடை, சாவி, லிஃப்ட்.
மிச்சம் டிப்போவின் தண்ணீர் இயந்திரத்தோரம்.
எழுபத்தைந்தாவது நிமிடத்தில்
கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டு
வண்டியை எடுக்க வேண்டும்.
கடைசிக் கால் மணி நேரம்
எப்போதும் எனக்குத் தெரியாமலே நடக்கும்.
"அம்மா, இது ஏதும் வேண்டுதலா?" என்றான் மகன்.

ரொஸ்லான் டிசம்பரில் சேர்ந்துகொண்டார்.
கிடங்குக் காவல், இரவு வேலை,
ஐந்தே முக்காலுக்கு மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுவார்.
என் பையில் தொங்கும் சின்னத்தை ஒருநாள் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த வாரம் படியிலேயே நின்று
இடது கையில் ஒரு விரல், வலது கையில் இரண்டு.
இடது நாங்கள்.
அவருக்குப் பந்து பிடிக்காது, மீன்பிடிப்புதான்.
பிப்ரவரியில் ஒருமுறை இடது கையில் மூன்று விரல்,
வலது கை மூடிய முட்டி.
அன்று நான் ஒரு நிறுத்தத்தைத் தவறவிடப் பார்த்தேன்.

மே. கடைசி ஞாயிறு. இரவு பதினொரு மணி.
கோப்பிக் கடையின் பெரிய திரையில்
கோப்பைக்கான ஆட்டம்.
எங்களுடையது என் கைப்பேசியில்,
சாம்பல் கிண்ணத்தில் சாய்த்து வைத்து.
தே ஓ ஆறிப்போனது.
ஒன்றுக்கு ஒன்று.
அது போதும்,
வேறெங்கோ இன்னொரு மைதானத்தில்
இன்னொரு அணி தோற்றுக்கொண்டே இருந்தால்.

எண்பத்தொன்பதாவது நிமிடம்.
கேமரா கூட்டத்துக்குள் போனது.
அதே கோடு போட்ட துண்டு கழுத்தில்,
என் வயதுதான் இருக்கும், ஒருத்தி,
காதில் கைப்பேசி.
அவள் துண்டை மெல்லக் கழற்றி
மடியில் வைத்து மடிக்க ஆரம்பித்தாள்,
இஸ்திரி போட்ட துணியை மடிப்பது போல,
ஓரத்தோடு ஓரம் சேர்த்து.
மற்ற மைதானத்தின் கோலை
நான் அப்படித்தான் பார்த்தேன்.

அதே நொடியில் கடை முழுக்க எழுந்து கத்தியது.
பெரிய திரையில் யாரோ அடித்திருந்தார்கள்.
செங் ஹுவாட் என் தோளைக் குலுக்கினான்,
அப்புறம் என் முகத்தைப் பார்த்து
கையை எடுத்துக்கொண்டான்.

முப்பத்தெட்டு ஆட்டம். முப்பத்தைந்து புள்ளி. பதினெட்டு.
கீழே இறங்கிவிட்டார்கள் என்கிறார்கள்.
அவர்களுக்குத்தான் அது இறக்கம்.
நான் கட்டுகிற சந்தாவில் இரண்டாம் பிரிவு வராது.
வரும் ஆகஸ்ட்டில் அங்கே அந்தப் புல் இருக்கும்,
அந்த மழையும்,
துண்டை மடித்தவளும் அதே இருக்கைக்கு வருவாள்.
என் திரையில் வேறு மூன்று ஊர் ஏறியிருக்கும்.

திங்கள், ஐந்தே முக்கால், மூன்றாவது நிறுத்தம்.
கதவு திறந்தது.
ரொஸ்லான் அட்டையைத் தட்டினார்.
மற்ற கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.
"கேப்டன்" என்றார், வழக்கம்போல.
எங்கள் வேலைக்கு அதுதான் பெயர்.
இன்று மட்டும்
பதில் சொல்ல ஒரு விளக்கு நேரம் ஆனது.