மேலும் ஆய்வு தேவை

ரெஜைனாவில் ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
எஞ்சின் உறைந்துவிடாமல்
வண்டியின் வயரைக் கம்பத்தில் செருகிவிட்டு
சட்டமன்றப் படி ஏறினேன்.
எனக்கு ஒதுக்கியது ஏழு நிமிடம்.
பொருள்: தானியக் கிடங்குகளில் தூசி.
ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மில்லிகிராம் இருக்கலாம்?
இப்போது பத்து. நான்காகக் குறைக்கலாமா என்பது கேள்வி.
இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர்
என்ன வேலை என்று கேட்டால்
டீச்சர் என்று முடித்துக்கொள்வேன்.
உண்மையில் நான் வருகைப் பதிவேடுகளை வாசிப்பவள்.
எந்த அமைச்சரின் அறைக்குள் யார், எத்தனை மணிக்கு,
எவ்வளவு நேரம்;
அவர் வெளியே வந்த பதினோராம் நாள்
வரைவின் எந்த வரியில்
'செய்ய வேண்டும்' என்பது 'செய்யலாம்' ஆனது.
எண்ணி, அட்டவணை போட்டு,
நானூறு பேர் படிக்கும் இதழில் வெளியிடுபவள்.
நானூறு, பதிப்பாளர் சொன்ன கணக்கு.

எனக்கு முன்னால் பேசியது கிராண்ட் டோர்க்சன்.
தானிய வணிகர் பேரவையின் ஆள்.
என் பழைய மாணவன். மூன்றாம் வரிசை, சன்னலோரம்.
ஆறாவது வாரப் பாடம்: தாமதமும் ஒரு கொள்கையே.
அன்று அவன் மட்டும்தான் குறிப்பெடுத்தான்.

எனக்காகக் கதவைப் பிடித்து நின்றான்,
புரொஃபசர் என்றான், முழங்கால் வலியை விசாரித்தான்.
பிறகு மைக் முன்னால் உட்கார்ந்து
என் முதல் கட்டுரையைப் பிரித்தான்.
பக்கம் இருநூற்றுப் பதினெட்டு, கடைசி வாக்கியம்:
"மேலும் ஆய்வு தேவை."

ஓர் எழுத்து மாறவில்லை.
அடிக்குறிப்பும் பிசகில்லை.
அதைப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே.

அந்த வாக்கியத்தை எழுதிய ராத்திரி ஞாபகம் இருக்கிறது.
மணி பத்து. பசி. முடிவுரைக்கு ஒரு வால் வேண்டியிருந்தது.
எல்லோரும் ஒட்டுகிற வால்தான்,
கடிதத்தின் அடியில் 'இப்படிக்கு' மாதிரி.
'இப்படிக்கு'வை நம்பி யாரும்
இருபத்திரண்டு வருடம் காத்திருப்பதில்லை.

என் முறை வந்தது. ஏழு நிமிடத்தில் நான்கு
நான் சொன்னது அதுவல்ல என்று சொல்லவே போயிற்று.
பின்னே எது, என்று கேட்டார் ஓர் உறுப்பினர்.
கேலியில்லை, நிஜமாகவே கேட்டார்.
போதிய சான்று உண்டு, ஆனால் என்று தொடங்கினேன்.
'ஆனால்' மட்டும் பதிவேட்டில் விழும் சத்தம் கேட்டது.

யார்க்டனுக்கு வடக்கே ஒரு கிடங்கில்
மைரன் வொலோஷின் என்றொருவர் எனக்குப் பேட்டி கொடுத்தார்.
கட்டுரையில் அவர் பெயர் பங்கேற்பாளர் 14.
தூற்றினால் பதர் பறந்துவிடும், அம்மா,
எனக்குள்ளே போனது மட்டும் பறக்கமாட்டேன் என்கிறது
என்று சொல்லிவிட்டு இருமினார்; அல்லது சிரித்தார்,
ஒலிநாடாவில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கிறது.
சட்டம் எப்போது வரும் என்றார்.
ஆய்வு முடியட்டும் என்றேன்.

எட்டு வருடம் கழித்து இரண்டாம் சுற்றுக்காக
அவர் வீட்டு எண்ணை அழைத்தேன்.
மகள் எடுத்தாள்.
எங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு சொல் உண்டு:
தொடர்பில் இல்லை.

வாகன நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றிக்
கைபேசியைப் பார்த்தேன். இதழிலிருந்து கடிதம்.
இந்த முறை நான் வால் வைக்கவில்லை.
நான்கு என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்திருந்தேன்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் சொல்கிறார்:
ஆசிரியர் அளவுக்கு மீறிய உறுதி காட்டுகிறார்.
ஆய்வின் வரம்புகளை ஒப்புக்கொண்டு
மேலும் ஆய்வு தேவை எனச் சேர்த்தால்
வெளியிடலாம்.

லாம்.

வயரைப் பிடுங்கினேன். வளையாமல் குச்சியாய் நின்றது.
பதில் அனுப்பக் கெடு வெள்ளி மாலை ஐந்து.
இன்று புதன்.