உப்புக்காரத் தெரு, வடசிறகு

உப்புக்காரத் தெருவில்
உப்பு விற்பவர் யாருமில்லை.
வரி வசூலுக்கு முதல்நாள் போனபோது
பெயரைச் சொல்லி வழி கேட்டேன்.
'செல்போன் கடைத் தெருவாம்மா?' என்றார் ஆட்டோக்காரர்.

நகராட்சிப் பேரேட்டில் இருக்கிறது மீதிக் கதை.
பழைய எண் பதினான்கு, புதிய எண் முப்பத்தொன்று:
சேகு தாவூது மரைக்காயர், நூல், சாயம்.
அடுத்த வரி சிவப்பு மையில்.
பெயர் மாற்றம். காரணம்: பினாங்கு.
ஒரு மனிதர் கப்பலேறிப் போனதற்கு
அந்தக் குமாஸ்தா செலவழித்தது அந்த ஒரு சொல்.
பிறகு அருள்சகாயம், தையல் மெஷின், தவணை முறை.
பிறகு பூட்டு.
பிறகு பன்னாலால், அடகு.
பிறகு வீடியோ கேசட், எஸ்.டி.டி. பூத், நைட்டி.
இப்போது கண்ணாடிக் கதவும்
வெளியே தலையில்லாத ஒரு பொம்மையும்
அதன்மேல் சுடிதாரும்.
வாசலில் அதே மூன்று படிகள்.
இல்லை, இரண்டு.
ஒவ்வொரு தேர்தலுக்கும் தெரு அரையடி உயரும்.
ஒரு படியைத் தார் தின்றுவிட்டது.

ஐப்பசியில் பார்க்கவேண்டும் இதை.
துலாக் கட்டத்தில் முழுகியவர்கள்
ஈரத் தலையோடு தீபாவளித் துணிக்கு வருவார்கள்.
'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா' என்று
போர்டு எழுதி வைத்திருந்தார் ஜவுளிக்கடை கலியபெருமாள்;
கீழே சின்ன எழுத்தில்,
ஆயிரத்துக்கு எடுத்தால் எவர்சில்வர் தம்ளர் இலவசம்.
கார்த்திகை முதல்நாள், முடவன் முழுக்கன்று,
மிஞ்சியதெல்லாம் பாதி விலை.
கடைசியாய் வந்தவனுக்கும் உண்டு என்பது
இந்த ஊர்க் கணக்கு.

போன வைகாசியில் ஆக்கிரமிப்பு அளக்கச் சொன்னார்கள்.
நில அளவர், சங்கிலி பிடிக்க ஓர் ஆள், நான்,
இரண்டு போலீஸ், ஒரு ஜேசிபி.
முப்பத்தொன்றின் தகரத்தைப் பெயர்த்தால்
உள்ளே ஒரு போர்டு, அதற்குப் பின்னால் இன்னொன்று,
கடைசியில் சுண்ணாம்புச் சுவரில்
'சாயம்' உதிர்ந்து நீல நிறத்தில்
'சா' மட்டும்.
கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நில அளவர் வரைபடத்தை விரித்தார்.
வடசிறகு முழுக்க வாய்க்கால் புறம்போக்கு.
இருபத்தாறு கடை, ஒரு லாட்ஜ், ஒரு ஏ.டி.எம்.,
எல்லாம் வாய்க்கால்மேல் நிற்கின்றன.
கல்லை நெம்பிப் பார்த்தோம். கறுப்பாக ஏதோ ஓடியது.
காவிரியில் பிரிந்தது என்று
சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.
மேட்டூர் திறந்த பத்தாம் நாள்
பாத்திரக்கடைப் பின்சுவரில் ஏன் ஓதம் ஏறுகிறதென்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

பத்திரங்கள் வந்தன, பிளாஸ்டிக் உறையோடு.
தண்ணீரை யாரோ யாருக்கோ விற்று
அவர் மகன் இன்னொருவருக்கு விற்று
கிரயம் சுத்தமாகப் பதிவாகியிருந்தது.

இரண்டு கடைக்கு நடுவில் இரண்டரை அடி.
அதில் தையல்நாயகி. ஊக்கு, நாடா, பொட்டு, ஹேர்பின்.
கதவு எண் கிடையாது.
யாரும் கேட்காமலே பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.
தரைக்கடைச் சீட்டு, கட்டுக் கட்டாய், ரப்பர் பேண்டு போட்டு.
மேலே பத்து ரூபாய், அப்புறம் ஐந்து, இரண்டு,
அடியில் மாமியார் கட்டிய நாலணா.
'தெனம் தெனம் வாங்கிக்கிட்டுதான் இருக்கோம் இந்த எடத்த' என்றாள்.
நில அளவர் எண்ண ஆரம்பித்து
பாதியில் டீ குடிக்கப் போனார்.

ஜேசிபிக்கு ஒரு போன் வந்தது. நின்றது.
ஆடி பிறப்பதற்குள் தகரங்கள்
ஒரு சாண், இன்னொரு சாணாகத் திரும்பி வந்தன.
'சா'வின் மேல் இப்போது எல்.இ.டி. பல்பு விளம்பரம்.

முப்பத்தொன்றுக்கு நிலுவை எழுதினேன்.
பிறகு பர்ஸில் சில்லறை தேடி
தையல்நாயகியிடம் ஓர் அட்டை ஊக்கு வாங்கினேன்.
பேரேட்டில் அந்தச் சிவப்பு மைப் பக்கம்
தையல் விட்டுத் தொங்குகிறது.