பதினொரு விநாடி

ரீகாவில், தவுகவா ஆறு உறைந்து கிடந்த மாதம்.
ஒலிக்கூடத்தின் கீழ்த்தளத்தில்
நான் ஒரு கப்பலை உடைத்துக்கொண்டிருந்தேன்:
ஒரு முட்டைக்கோசு, துருவேறிய அடுப்புக் கதவு,
ஈரத் தோல்கோட்டுக்குள் சுற்றிய சங்கிலி.
திரையில் அது வியாழனுக்கு அருகே வெடித்தது.
நன்றாகத்தான் வெடித்தது.

அன்று வில்னிஸ் வந்தான்.
பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்துகிறவன்.
அறிவியல் ஆலோசகர் என்று பெயர் ஓடும்,
வாகன ஓட்டிகளுக்குப் பிறகு,
சாப்பாடு பரிமாறியவர்களுக்கு முந்தி.
எங்கள் மொழியில் வில்னிஸ் என்றால் அலை.
அந்தப் பெயரை வைத்துக்கொண்டு
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
அங்கே அலை கிடையாது என்றான்.
காற்றே இல்லை, ஸைகா. எது வெடித்தாலும் ஊமைதான்.

கையில் சிவப்புப் பேனா.
நட்சத்திரம் மினுக்கக் கூடாது, மினுக்குவது நம் காற்று.
சிறுகோள்கள் சந்தைக் கூட்டமாய் இடித்துக்கொள்ளாது,
ஒன்றில் நின்றால் அடுத்தது கண்ணுக்கே தெரியாது.
எஞ்சினை அணைத்தால் கப்பல் ஏன் நிற்கிறது,
அதென்ன பேருந்தா?
எடையில்லாத அறையில்
நாயகியின் கூந்தல் ஏன் தோளில் படிந்திருக்கிறது?
இயக்குநர் சொன்னார்: பசை.

என் தொழிலே காது குத்துவதுதான் என்றேன்.
எலும்பு முறிய செலரித் தண்டு,
பனியில் நடக்க சோளமாவு.
இருபது வருடத்தில் ஒருவரும்
டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.
அவன் சிரிக்கவில்லை.
பொய் சொல், எந்த இடத்தில் சொல்கிறாய் என்று
தெரிந்து சொல், என்றான்.
அதற்கு மூன்று நாள் அவனோடு பேசவில்லை நான்.

லேசர் துப்பாக்கிக்குச் சத்தம் கேட்டார் தயாரிப்பாளர்.
ஒலிவாங்கியோடு கீஷெஸெர்ஸ் ஏரிக்குப் போனேன்.
கையும் களவுமாகப் பிடிக்க அவனும் வந்தான்.
உறைந்த ஏரியில் துளையிட்டு ஒலிவாங்கியை இறக்கினேன்.
இருநூறு தப்படி தள்ளிப் போய்க் கல்லெறியச் சொன்னேன்.
எறிந்தான்.
ப்ப்யூவ்.
எந்தத் துப்பாக்கியும் அப்படிச் சுட்டதில்லை.

ஓடி வந்தான், இரண்டு தடவை வழுக்கி.
பனிக்கட்டிக்குள் மெல்லிய ஒலி முந்திக்கொள்ளும்,
கனத்தது மூச்சிரைக்கப் பின்னால் வரும், அதனால்தான்,
என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டே போனான்.
பிறகு குல்லாயைக் கழற்றி எறிந்து
குப்புறப் படுத்துக் காதை ஒட்டிவைத்தான்.
இன்னொன்று, என்றான். இன்னொன்று எறி.
இருட்டும் வரை நான் எறிந்தேன்.
தூண்டில்காரர்கள் திட்டினார்கள்.

அடுத்த வாரம் நானே கப்பலின் வெடிப்பை அழித்தேன்.
பதினொரு விநாடி. ஒன்றுமில்லை.

முன்னோட்டக் காட்சி, போல்டெராயாவில், பழைய திரையரங்கு.
தீப்பந்து விரிந்தது, சத்தமில்லாமல்.
முதல் விநாடியில் யாரோ பாப்கார்னை மெல்வதை நிறுத்தினார்.
நான்காவதில் வாசற்பக்கத்து
ஐஸ்கிரீம் பெட்டியின் ரீங்காரம் கேட்டது.
ஏழாவதில் என் ரத்தம்.
எட்டாவதில் ஒருவர் எழுந்து கத்தினார்:
ஸ்பீக்கர் போச்சு!
கூடம் முழுக்கச் சிரிப்பு.

மறுநாள் முட்டைக்கோசு திரும்ப வந்தது.
அடுப்புக் கதவும்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை.
ஒரே ஒரு காட்சியை எனக்குக் கொடு என்றான்:
வானொலி செத்துப்போன இரண்டு பேர்
கப்பலுக்கு வெளியே மிதக்கிறார்கள்.
தலைக்கவசத்தோடு தலைக்கவசம் ஒட்டினால்
கண்ணாடி வழியே குரல் கடக்கும்.
அது நிஜம்.

இரண்டு பெரிய ஊறுகாய் ஜாடிகளைக் கழுவினேன்.
வினிகர் வாசனை போகவில்லை.
ஆளுக்கொன்று தலையில் கவிழ்த்து
நெற்றிக்கு நெற்றி நின்றோம்.
எழுதிக் கொடுத்த வசனம் அவனுக்கு மறந்துவிட்டது.
கேட்கிறதா, என்றான்.
கேட்கிறது, என்றேன்.
அதுதான் படத்தில் இருக்கிறது, எங்கள் குரலிலேயே.

படம் ஓடியது. சுமார்தான்.
வெடிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஒரே ஒரு கடிதம் வந்தது, யெல்காவாவிலிருந்து,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர், கையெழுத்து முத்துமுத்தாய்:
மற்றதெல்லாம் சரி,
ஆனால் வெற்றிடத்தில் கண்ணாடி வழியே பேச்சா?
யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?