மடியில் கனம்

மாவட்டத் தலைநகரிலிருந்து ஷெரிஃப் வந்துசேர
இருபத்தேழு நிமிடம்.
பனி பெய்தால் நாற்பது.
டோரீன் ஹட்சின்ஸ் இதைத்தான் முதலில் சொன்னாள்,
கையில் குறிப்பு எதுவும் இல்லாமல்.

டெக்சஸின் வடகோடி, பருத்திக்காட்டுக்கு நடுவே
எங்கள் பள்ளி. உணவுக்கூடத்தில் கூட்டம்.
மதியம் சிந்திய ஆப்பிள் சாறு
செருப்பைப் பிடித்துப் பிடித்து விட்டது.
ஆளுக்கு மூன்று நிமிடம்;
பச்சை, மஞ்சள், சிவப்பு காட்ட
மேசைமேல் ஒரு சின்ன விளக்கு.

டோரீனைப் பதினோரு வருடமாய்த் தெரியும்.
என் மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது
ஒன்பது நாள் என் வகுப்பையும் சேர்த்து மேய்த்தவள்.
கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான், என்றாள்,
இந்தப் பக்கம் நானும் பத்தொன்பது பிள்ளைகளும்.
என் கையில் பலகை அழிப்பான்.
இருபத்தேழு நிமிடம் அதை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.
யாரும் சொல்லவில்லை.
விளக்கு இன்னும் பச்சையாகவே இருந்தது.

அடுத்து நான்.
பூங்கோதையைத் தலைவர் பக்னர் மூன்று முறை முயன்று
பிள்ளைகள் கூப்பிடுகிறபடி
மிஸ் கோ என்று முடித்துக்கொண்டார்.
எழுதி வைத்திருந்தேன், புள்ளிவிவரத்தோடு.
வாயில் வந்தது வேறு:
ஆறு வயசுப் பிள்ளை ஓடிவந்து கட்டிக்கொண்டால்
கன்னம் எங்கே படும் தெரியுமா?
இங்கே, என்று இடுப்பெலும்பைத் தொட்டுக் காட்டினேன்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு,
மடியில் கனமிருந்தால்
என்று தொடங்கி
மடிக்கு ஆங்கிலம் தேடிக்கொண்டு நின்றதில்
சிவப்பு விழுந்துவிட்டது.

நான்குக்கு மூன்று. நிறைவேறியது.
யார் யாரிடம் இருக்கும் என்பது ரகசியம்;
ரகசியம்தான் பாதுகாப்பாம்.
மறை என்றால் ஒளித்து வை.
மறை என்றால் வேதம்.
இரண்டையும் ஒரே உறைக்குள் செருகிவிட்டார்கள்.

ஆகஸ்டில் பள்ளி திறந்தபோது நூற்று நான்கு டிகிரி.
ஆசிரியர் அறையில் காபி ஊற்றும்போது
எல்லோர் கண்ணும் ஒரு தடவை கீழே போய்வந்தது.
நூலகர் அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டை.
இசை ஆசிரியரின் இடுப்பில் ஏதோ புடைப்பு.
தொப்பைதான் என்று அப்புறம் தெரிந்தது.

செப்டம்பரில் ஒரு காலை
முன்பல் விழுந்த பெருமையில் இட்செல்
வராந்தா முழுக்க ஓடிவந்தாள், டோரீனை நோக்கி.
டோரீன் ஒரு கணம் தயங்கி
இடப்பக்கமாய்த் திரும்பி
அவள் தோளைப் பிடித்துக் கைநீளத்தில் நிறுத்தி
பல் இருந்த ஓட்டையைப் பாராட்டினாள்.
வலது முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது.
நிமிர்ந்தபோது
நான் பார்த்துவிட்டதைப் பார்த்தாள்.
இந்த வருடம் மழை குறைவு என்றேன்.
ஆமாம் என்றாள்.

அக்டோபரில் ஒலிபெருக்கி கதவுகளைப் பூட்டச் சொன்னது.
ஒத்திகை என்ற சொல்லை
யாரோ சொல்ல மறந்துவிட்டார்கள்.
எங்கள் இரண்டு வகுப்புக்கும் பொதுவாய் ஒரு சாமான் அறை.
பத்தொன்பதும் பதினேழும்
காகிதக் கட்டுகளுக்கு இடையே குந்தியிருக்க,
பசை வாசனை. விளக்கில்லை.
ஒரு பிள்ளைக்கு விக்கல் நிற்கவில்லை.
கடைசிப் பிள்ளையை உள்ளே இழுத்துவிட்டு
நான் போய் நின்ற இடம்
டோரீனின் வலப்பக்கம்.
யாரும் என்னைத் தள்ளவில்லை.
என் கையில் கெட்டியாக ஏதோ இடித்தது.
நகரவில்லை நான்.
இன்னும் கொஞ்சம் நெருங்கினேன்.

ஆறு நிமிடம். பிறகு மன்னிப்பு கேட்டு அறிவித்தார்கள்.
வெளியே வந்து எண்ணினேன், முப்பத்தாறு.
திரும்ப எண்ணினேன்.

அன்றிரவு தட்டுக் கழுவும்போது மகள் கேட்டாள்,
அந்தக் கூட்டத்தில் நீ எழுந்து என்னம்மா பேசினாய்?
மறந்துபோச்சு, என்றேன்.