பதினோராவது தடவை

காணும் பொங்கலன்று கோடியக்கரை.
யாரும் முடிவு செய்ததில்லை.
ஒரு தடவை போனோம், அப்புறம் போய்க்கொண்டே இருந்தோம்.

மன்னார்குடியில் வண்டி எடுத்தால்
திருத்துறைப்பூண்டி ரயில்வே கேட்டில்
நன்மாறன் வாந்தி எடுத்துவிடுவான்.
கேட் போட்டிருந்தால் முன்னால், இல்லாவிட்டால் தாண்டி.
என் மடியில் பாலிதீன் பை,
கையில் நகத்தால் கீறிய எலுமிச்சம்பழம்.
அந்த ரோட்டில் நான் பார்த்ததெல்லாம்
அவன் உச்சந்தலைக்கு மேலாகப் பார்த்ததுதான்.

ஆம்னி, எங்களுக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது.
இடப்பக்கக் கதவை வேதாரண்யத்து உப்புக்காற்று
வருஷத்துக்குக் கொஞ்சமாகத் தின்றுவந்தது.
ராசேந்திரன் ஓட்டுவார். பேச மாட்டார்.
மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவர்,
மேலே பேசிப் பழக்கமில்லை,
தரையிலும் அப்படியே விட்டுவிட்டார்.

ஒரு வருஷம் அகத்தியம்பள்ளியில் டயர் வெடித்து
உப்பு லாரியில் ஏறிப் போனோம்.
தையல்நாயகிக்கு எட்டு வயசு,
மூட்டை மேல் நின்றவள் இறங்கமாட்டேன் என்று அழுதாள்.
ஒரு வருஷம் பூநாரை பார்க்கப் போய்
நன்மாறனின் ஒற்றைச் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது.
மற்றதை வீடு வரை கையிலேயே வைத்திருந்தான்.

கஜா அடித்ததற்கு அடுத்த பொங்கலுக்குப் போகவில்லை.
இரண்டு மாசத்தில் இவர் வீட்டுக்கு வந்தது நாலு தடவை,
கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்.
மத்தியானம் போன் வந்தது:
‘வேதாரண்யத்துல நிக்கிறேன்.
மானெல்லாம் இருக்குதாம். புள்ளைங்ககிட்ட சொல்லு.’
கொரோனாவில் இரண்டு வருஷம், அது தனி.

பதினெட்டு முடிந்த வாரம்
பேரை மாற்ற விண்ணப்பம் வாங்கிவந்தாள் தையல்நாயகி.
பள்ளிக்கூடம் முழுக்க ‘டெய்லர்’ என்று கூப்பிட்ட பேர்.
புதுப்பேர்க் கட்டத்தில் பென்சிலால்
மூன்று எழுதி மூன்றையும் அழித்திருந்தாள்.
அந்தத் தாள் டேஷ்போர்டில் கிடக்கிறது,
இன்சூரன்ஸுக்குக் கீழே. நான் கேட்கவில்லை.

இந்த வருஷம் சாவியை அவள் எடுத்தாள்.
லைசென்ஸ் வந்து பத்தொன்பது நாள்.
‘அப்பா பின்னாடி.’ அவ்வளவுதான்.
நன்மாறன் முன்னால் ஏறிக்கொண்டான்,
லீவிலும் கழற்றாத காலேஜ் அட்டை கழுத்தில்.
இவர் என் பக்கத்தில்.
கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம்,
பஸ்ஸைத் தவிர வேறெதிலும்
நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் போனதில்லை.

இவர் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.
கோட்டூர் தாண்டி அறுவடை மிஷின் ஒன்று
ரோட்டை அடைத்துக்கொண்டு போனது.
அவள் ஹாரன் அடிக்கவில்லை.
இடம் கிடைக்கும்வரை இருந்து ஒரே மூச்சில் ஏறினாள்.
‘கியரு,’ என்றார்.
மாற்றியிருந்தாள்.

கேட் போட்டிருந்தது.
இவர் முகம் வெளுத்துக் கதவைத் தேடினார்.
துருக்கதவு வழிவிடவில்லை.
என்னிடம் பை இல்லை,
எடுத்துவருவதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது.
நன்மாறன் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினான்.
பாலிதீன் பை, வாயை விரித்தபடி.
அப்புறம் சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழம்.
‘எப்பவும் வச்சிருப்பேம்மா.
காலேஜ் பஸ்ல யாருக்காவது வரும்.’

தையல்நாயகி கண்ணாடியில் பார்த்தாள்.
‘ஓட்டுறவங்களுக்கு வராதுப்பா.
அதான் இத்தன வருஷமா ஒனக்குத் தெரியல.’

ரயில் போனது. கேட் தூக்கினார்கள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
இவர் பேச ஆரம்பித்தார்.
அதோ அந்தக் கம்பம், நானும் கும்பகோணத்துக்காரன் ஒருத்தனும் நட்டது.
இந்த டிரான்ஸ்பார்மரை ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் ஏற்றினோம்.
இங்கே ஒரு வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள், கூரை இல்லாத வீடு.
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையால்
இத்தனை காலம் சுட்டிக்காட்ட முடியவில்லை போலும்.

வாய்மேட்டிலிருந்து நான்கு பேரும் எண்ணினோம்.
இருநூற்று நாற்பதோ என்னவோ,
நடுவில் ஒருதரம் அவள் இஞ்சினை அணைத்துவிட்டாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
எண்ணிக்கைதான் விட்டுப்போனது.