தலைகீழ் முளை

பிஷப் என்ற காளைக்குக் கணக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.
பதினான்கடிக் கதவு, நாற்பது கிலோ,
கீலுக்கும் கீலுக்கும் நடுவே மூன்றடி.
எடையின் மையம் ஏழடி தள்ளித் தொங்குகிறது.
ஆக, மேல் கீலைத் தூணிலிருந்து பிடுங்கிவிட
ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பது
தொண்ணூற்று மூன்று கிலோ,
காற்றில்லாத நாளிலும்,
யாரும் கதவை நினைக்காத இரவிலும்.
பக்கத்துப் பண்ணை ஃபெர்கஸ்
நுனிக் கம்பியில் தொற்றி ஊஞ்சலாடினால்
கணக்கு எங்கோ போய்விடும்.

அத்தனையும் தாங்கத்தான் செய்திருந்தேன்.
தோத்தாரா மரத்தூணை ஊடுருவிய போல்ட்,
பின்புறம் உள்ளங்கை அகல வாஷர்,
ரொட்டிக்கு வெண்ணெய் போல் கிரீஸ்.

பிஷப் இழுக்கவில்லை. முட்டவுமில்லை.
கீழ்க்கம்பிக்கு அடியில் நெற்றியைக் கொடுத்து
மெல்லத் தலை நிமிர்ந்தான்,
யாரோ தொப்பியைக் கழற்றுவது போல.
காலையில் கதவு புல்லில் கிடந்தது.
இரண்டு முளைகளும்
வானத்தைச் சுட்டிக்கொண்டு நின்றன.

லாக்லன் மக்கேஸ்கிலின் கிடாரிகள்
கரியவை, பரம்பரை ஏட்டில் பெயர் உள்ளவை.
அவற்றுக்குப் பிறந்த பதினொரு கன்றுகளுக்கும்
சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை முகம்.
லாக்லன் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
என்னைக் காணும்போதெல்லாம்
விரல் நீட்டிக் கன்றுகளை எண்ணினான்.

பூச்சிமருந்து ரசீதின் பின்பக்கத்தில்
மேல் முளையைத் தலைகீழாக வரைந்தேன்.
கீழது மேலே பார்க்கும், மேலது கீழே பார்க்கும்,
இரண்டுக்கும் நடுவில் கதவு,
கேள்விகளுக்கிடையில் மாட்டிய சாட்சி மாதிரி.
திருடனுக்காக நட்டுகளையும் வெல்டு வைத்தேன்.
மூன்று இரவு முயன்றான் பிஷப்.
கம்பியில் அவன் நெற்றிமயிர் மட்டும் ஒட்டியிருந்தது.
நாற்பத்தாறு கதவுகளுக்கு ஆர்டர் வந்தது.
பெருமைதான், மறைப்பானேன்.

செப்டம்பரில் ஒரெட்டி நதி
கரையை மறந்தது.
லாக்லனின் தாழ்நிலத்தில் இருநூறு சினையாடுகள்,
மூன்று பக்கமும் ஆளுயர கோர்ஸ் முள்,
நான்காவது பக்கம் வெள்ளம்.
முள்ளுக்கு நடுவே ஒரே வழி.
அதன் குறுக்கே என் கதவு.
அடித்து வந்த வில்லோ மரம் ஒன்று
கதவின் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"கழற்று" என்றான், டார்ச்சை என் கையில் அடித்து.
பழைய கதவென்றால் இரண்டு பேர் போதும்:
ஒரு மூச்சு, ஒரு தூக்கு.
"வராது" என்றேன்.
"வராதபடிதான் செய்தேன்."
டார்ச் என் முகத்துக்கு ஏறி
அங்கேயே நின்றது.

வண்டியில் இருந்தது கைரம்பம் மட்டும்.
இருபது மில்லிமீட்டர் உருக்கு.
நல்ல உருக்கு; பேரம் பேசாமல் வாங்கியது.
நான் அறுக்க, அவன் அறுக்க, நான் அறுக்க,
முழங்காலில் இருந்த தண்ணீர்
இடுப்பைக் கேட்டது.
முளை அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
ஆடுகள் இடித்துக்கொண்டு போனதுதான் தெரியும்.
ஒன்பதைத் தண்ணீர் முந்திக்கொண்டது.

இப்போதும் மேல் முளை கீழேதான் பார்க்கிறது.
ஆனால் தூணுக்குப் பின்னால்
வெல்டு இல்லாத ஒரு நட்டு,
பக்கத்தில் ஆணியில் முப்பதாம் நம்பர் ஸ்பானர்.
காளைக்கும் ஆளுக்கும்
அவ்வளவுதான் வித்தியாசம் வைக்க முடிந்தது.
"திருடனும் ஆள்தானே" என்கிறான் லாக்லன்.
ஆள்தான். அதற்கு என்னிடம் வரைபடம் இல்லை.

கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு பண்ணை பண்ணையாக
என் வெல்டுகளை நானே தேய்த்து வருகிறேன்.
முப்பத்தெட்டு முடிந்தது. எட்டு பாக்கி.
வெள்ளைமுகக் கன்று ஒன்று
புதுக் கிரீஸை நக்கிப் பார்த்துவிட்டு
என்னை ஒரு மாதிரி பார்க்கிறது.